அடுப்படி வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருங்கள்

அடுப்படியை இடித்துக் கட்டப் போகிறோம் என்று சொன்னதும் சொந்தபந்தம் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். வேலை முடிகிற வரைக்கும் பக்கத்தில் எங்காவது வாடகைக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் நீ உன் அம்மா வீட்டில் போய் இரு, அந்தத் தூசியிலும் சத்தத்திலும் குடும்பம் நடத்த முடியாது. தூசியும் சத்தமும் அவர்கள் சொன்னதைவிட அதிகமாகவே இருந்தன. ஆனாலும் நாங்கள் போகவில்லை. போகாமல் இருந்ததால்தான் இன்றைக்கு எங்களுக்கு ஏற்ற அடுப்படி கிடைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதே யோசனையில் இருக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரரின் அப்பா, அதாவது மாமா, எண்பதுகளில் கட்டியது. கேஸ் அடுப்பு வந்த புதிது என்பதால் நின்று சமைக்க ஒரு கடப்பாக் கல் மேடை, சாமான் வைக்க அதே கல்லில் அலமாரி, மேலே அட்டாலி, பொடக்காளியை (கொல்லைப்புறத்தை) பார்த்து ஒரு ஜன்னல். இத்தனை வருஷம் குறையில்லாமல் உழைத்த அடுப்படிதான். ஆனால் சிங்க்குக்குப் பின்னால் சுவரில் ஓதம் ஏறிக் காரை உதிர ஆரம்பித்தது. நடுவில் போட்ட மரக் கதவுகளைச் செல்லு (கரையான்) தின்றுவிட்டது. சுவருக்குள் போகும் இரும்புக் குழாயில் உப்பு அடைத்து, திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மேலே மேலே பூசி மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, மொத்தமாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து மாசியில் ஆரம்பித்தோம். சித்திரை வரைக்கும் ஓடியது.

ஆரம்பிக்கும் முன் ஒரு மாடுலர் கிச்சன் கடையில் சொல்லி, அவர்கள் வந்து அளவெடுத்து, கம்ப்யூட்டரில் படம் வரைந்து காட்டினார்கள். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் கிரைண்டரே இல்லை. மாவாட்டுவது, சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழிவது, குடத்தில் நல்ல தண்ணி பிடித்து வைப்பது, கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பது, ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால் பெரிய போசியில் சோறாக்குவது, கழுவின பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பது, இவற்றில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. வரைந்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் என்னென்ன வேலை நடக்கிறது என்று நாங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? சிக்கல் என்னவென்றால் அது நமக்கே சொல்ல வருவதில்லை. தினமும் கை தன்பாட்டில் செய்கிற வேலையை ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டால் பாதி ஞாபகத்துக்கே வராது. அடுப்படி இல்லாமல் இருந்த வாரங்களில்தான் எனக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

இடிக்கிறதுக்கு முந்தின நாள் சமையலை முன்பக்கப் போர்ட்டிகோவுக்கு மாற்றினோம். ஒரு பழைய மேஜை, அதன் மேல் கேஸ் அடுப்பு, காற்று அடிக்கிற பக்கம் ஒரு தகரத்தை நிறுத்திவைத்தோம். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு இருந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரக் காலோடு நின்று வேலை செய்கிற இடம் அது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் தனியாக ஒரு லைன் எடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்திவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுத்தான் ஆரம்பித்தோம். தற்காலிகம்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். வேலை நடக்கும் வீட்டில் தண்ணீரும் ஒயரும் எங்கே எப்போது சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்ததும் அதே ஆர்.சி.சி.பி.யைப் புது அடுப்படி லைனுக்கு மாற்றிக்கொண்டோம், வீணாகவில்லை.

குக்கர், வடைச்சட்டி, தோசைக்கல், இட்லிக் குண்டா, ஆளுக்கொரு வட்டல், டம்ளர் மட்டும் வெளியே. மீதியெல்லாம் சாக்கில் கட்டி ஆசாரத்தில் (கூடத்தில்) ஒரு ஓரமாக அடுக்கி மேலே தார்ப்பாய் போட்டாயிற்று. முதல் இரண்டு மூன்று நாளைக்கு எதை எடுத்தாலும் அது சாக்குக்குள்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. அந்த மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது அரிசியும் பருப்பும்தான். துவரம்பருப்பு, அரிசி, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, கொஞ்சம் மஞ்சள் எல்லாம் ஒரே குக்கரில், இறக்கி நெய் ஊற்றிவிட்டால் அதற்குமேல் ஒரு அப்பளம் போதும். வெயில் ஏறாத காலை வேளையில் அத்தை பொடக்காளியில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்து ராகிக் களி கிண்டினார்கள். கொள்ளுப் பருப்பும் அந்த அடுப்பில்தான் வெந்தது. யாருக்காவது சளி என்றால் மசாலாச் சாமான் போட்டு வைக்கிற செலவு ரசம். ராத்திரி ரொம்ப அலுத்துப் போன நாட்களில் வீட்டுக்காரர் கடையில் புரோட்டா வாங்கிவந்துவிடுவார், ஏழாவது படிக்கிற பையனுக்கு அந்த நாட்கள்தான் பிடித்தமானவை.

அப்படிச் சமைத்துக்கொண்டிருக்கும்போது பையனுடைய பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எதற்காக எத்தனை தடவை எழுந்து போகிறேன், எது கைக்கு எட்டவில்லை, எங்கே குனிகிறேன் என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். வேறொன்றுக்கும் இல்லை, மேஸ்திரி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான். ஆனால் அந்த நோட்டுதான் கடைசியில் எங்கள் வரைபடம் ஆயிற்று. அதில் அதிகமாக எழுதியிருந்தது அடுப்பைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு இரண்டு தண்ணி. நல்ல தண்ணி என்று சொல்கிற ஆத்துத் தண்ணி, அது முறை வைத்து வரும், வருகிற அன்றைக்குத் தொட்டியிலும் குடத்திலும் பிடித்துவைத்தாக வேண்டும். இன்னொன்று போர் தண்ணி, அது எப்போதும் உண்டு, ஆனால் உப்பு. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் தண்ணியை நாங்கள் குடிப்பதும் இல்லை, அதில் பருப்பு வேகவைப்பதும் இல்லை. அதில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். அத்தைக்கு இந்தக் காரணம் தெரியாது, ஆனால் போர் தண்ணியில் பருப்பு போடாதே என்பதை நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

பிளம்பர் எல்லா வீட்டுக்கும் போடுகிற மாதிரி ஒரே சிங்க், ஒரே குழாய், அதில் வெந்நீரும் பச்சைத் தண்ணியும் கலந்து வருகிற மிக்சர், ஓரத்தில் ஆர்.ஓ. மெஷின் என்று சொன்னார். நான் நோட்டைக் காட்டினேன். அரிசி களைய, பருப்புக்கு, குடிக்க, காபி போட நல்ல தண்ணி. பாத்திரம் கழுவ, மேடை துடைக்க, கிரைண்டர் அலச போர் தண்ணி. இரண்டும் வேறு வேறு இடத்தில் நடக்கிற வேலை. அதனால் நல்ல தண்ணிக் குழாய் அடுப்புக்குப் பக்கத்தில், கீழே குடம் வைத்துப் பிடிக்கிற உயரத்தில். அதற்குப் பக்கத்திலேயே செப்புக் குடமும் எவர்சில்வர் குடமும் நிற்கிற மாதிரி ஒரு தாழ்ந்த திட்டு. போர் தண்ணிக் குழாய் சிங்க்கில். இரண்டு லைனுக்கும் தனித்தனி வால்வு, தனித்தனி நிறத்தில் கைப்பிடி. "அக்கா, இப்படி யாருமே கேக்க மாட்டாங்கொ, ஆனா கேட்டது நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அவரே குழாயை எங்கே மடக்கினால் உப்பு படிந்தாலும் கழற்றிச் சுத்தம் பண்ணலாம் என்று இரண்டு இடத்தில் கழற்றுகிற யூனியன் வைத்துக் கொடுத்தார். சுவருக்குள் முழுக்கப் புதைத்த குழாயில் உப்பு அடைத்ததுதான் இந்த வேலைக்கே காரணம் என்பதால் அதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

வெளியே போகிற தண்ணிக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. சிங்க் தண்ணியை நேராகச் சாக்கடையில் சேர்த்துவிடலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணியும் காய் கழுவிய தண்ணியும் இதுநாள் வரை பொடக்காளி வாழைக்குத்தான் போயிருக்கிறது. ஒரு மணல் குழி வைத்து வடிகட்டி அங்கேயே போகட்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். மாவு கலந்த தண்ணி குழாயில் படிந்து இறுகும் என்பதால் வளைகிற ஒவ்வொரு இடத்திலும் திறந்து குச்சி விட்டுச் சுத்தம் செய்ய ஒரு மூடி வைத்தோம். அடுப்படித் தரைக்கும் வாட்டம் கொடுக்கச் சொன்னோம், மீட்டருக்கு ஒரு செ.மீ. அளவுக்கு. மாடுலர் கிச்சன் படங்களில் தரையைத் துணியால் துடைப்பார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தண்ணி ஊற்றிச் சீமாறு போட்டுத் தேய்த்துத் தள்ளுகிற ஆட்கள், வாட்டமில்லாவிட்டால் தண்ணீர் அலமாரிக்குக் கீழே போய் நிற்கும்.

அப்புறம் மேடை உயரம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு, 34 அங்குலம். அத்தை ஐந்தடிக்குக் கீழே, நான் ஐந்தடி ஐந்து அங்குலம். முழங்கையை மடக்கி நின்றால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ அதிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் நறுக்கவும் பிசையவும் தோள் வலிக்காது, இதுதான் பொதுவான கணக்கு. அடுப்புக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஏனென்றால் மேடை மேல் அடுப்பு, அடுப்பு மேல் சட்டி, சட்டிக்குள் கரண்டி. போர்ட்டிகோவில் அடுப்பு வைத்திருந்த பழைய மேஜை தாழ்வானது. அதில் அத்தை குழம்பைக் கிளறும்போது கையைத் தூக்கவே இல்லை. பழைய மேடையில் இருபது முப்பது வருஷமாக அவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டு எக்கி நின்றுதான் சமைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. தோள்பட்டை வலி என்று தைலம் தேய்க்காத நாள் கிடையாது. வயசானால் வருகிற வலி என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அன்றைக்கே மேஜை உயரத்தை டேப் வைத்து அளந்தேன், 28 அங்குலம். அடுப்பு வைக்கிற பகுதி மட்டும் 28, சிங்க்கும் நறுக்குகிற பகுதியும் 35 என்று மேஸ்திரியிடம் சொன்னேன். சிங்க் ஏன் உயரம் என்றால், வேலை நடப்பது மேடை மட்டத்தில் இல்லை, எட்டொன்பது அங்குலம் கீழே தொட்டியின் அடியில். மேடை தாழ்வாக இருந்தால் முதுகு வளைந்தே நிற்கும். பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் நானும் வீட்டுக்காரரும்தான், எங்கள் இரண்டு பேருக்கும் 35 சரியாக வந்தது. மேஸ்திரிக்கு முதலில் ஒப்பவில்லை. "அக்கா, டிராயிங்குல ஒரே மட்டமாத்தானுங்க இருக்குது, படி வெச்சாப் பாக்கறதுக்கு நல்லாருக்காதுங்க, கல்லும் சேதாரமாகும்" என்றார். அத்தை போய் எதிரே நின்றார்கள். "ஏனப்பா, பாக்கறதுக்கா கட்டறோம்? நிக்கறவளுக்குக் கட்டு சாமி" என்று சொல்லி, செங்கல்லை அடுக்கி மேலே பலகை போடச் சொல்லி, அதன் மேல் அடுப்பையும் காலி வடைச்சட்டியையும் வைத்துக் கிளறிக் காட்டினார்கள். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, "பண்ணிப்போடலாமுங்கம்மா" என்று கயிறு கட்டிவிட்டார். நாங்கள் வேறு ஊரில் வாடகை வீட்டில் இருந்திருந்தால் அந்த மேடை அன்றைக்கு மத்தியானமே 34ல் ஏறியிருக்கும். கான்கிரீட் போட்டு இறுகினபிறகு யார் மாற்றுவது?

கிரைண்டருக்கு வருகிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்த பொருளுக்கு இங்கே செய்கிற அடுப்படியிலேயே இடம் ஒதுக்க மாட்டார்கள் என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரர் சொன்ன ஏற்பாடு, டேபிள் டாப் கிரைண்டரை அலமாரிக்குள் ஒரு இழுக்கும் தட்டில் வைப்பது. வேண்டும்போது இழுத்து ஆட்டி, அப்புறம் உள்ளே தள்ளிவிடலாமாம். கல்லோடு அந்தக் கனத்தை ஈரத்தோடு உள்ளே தள்ளினால் எந்தப் பலகை தாங்கும்? கல்லும் தொட்டியும் கழுவுகிற தண்ணி எங்கே போகும்? நாங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திட்டு கட்டி, அதைச் சுற்றி சின்னதாக ஒரு வரம்பு எழுப்பி, ஓரத்தில் தண்ணி போக ஓட்டை வைத்து, மேலே கைக்கெட்டுகிற இடத்தில் போர் தண்ணிக்கு ஒரு குழாயும் அதிலிருந்து தள்ளி சுவிட்சும் வைத்தோம். அத்தை முக்காலியில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிடுகிறார்கள், வழிக்கிறார்கள், அங்கேயே கழுவுகிறார்கள். யாரையும் தூக்கி வைக்கக் கூப்பிட வேண்டியதில்லை.

அந்தத் திட்டுக்கு முன்னால் தரையில் நாலுக்கு நாலு அடி எதுவும் கட்டாமல் வெறுமனே விட்டிருக்கிறோம். பார்க்கிறவர்கள் இவ்வளவு இடத்தை வீணாக்கிவிட்டீர்களே, ஒரு அலமாரி போட்டிருக்கலாமே என்கிறார்கள். சந்தகை மெஷினை எங்கே வைப்பது? ஆவியில் வெந்ததைச் சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும், ஒருவர் அழுத்த இன்னொருவர் தட்டை நகர்த்த வேண்டும், இரண்டு பேர் காலை ஊன்றி நிற்க இடம் வேண்டும். சின்ன வெங்காயம் உரிப்பதும், கீரை ஆய்வதும், நோம்பிக்குக் கச்சாயத்துக்கு மாவு இடிப்பதும் எல்லாம் அந்த நாலடியில்தான். எங்கள் வீட்டில் அதிகம் வேலை நடக்கிற இடம் அதுதான் என்று நோட்டே சொல்லிற்று.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கடப்பா மேடை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளியும் எலுமிச்சையும் தயிரும் பட்டால் மேல்பரப்பை அரிக்கும். மார்பிளும் அப்படித்தான், அதனால் அடுப்படிக்கு ஆகாது. குவார்ட்ஸ் என்று விற்கிற செயற்கைக் கல் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, விலையும் அதிகம், வீட்டுக்காரருக்கு அதில் ஒரு கண். நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் விலை இல்லை. அந்தக் கல்லில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். அதை அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், அதனால் சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வந்தால் திரும்பக் குணமாக்க வைத்தியம் கிடையாது. வேலை செய்கிறவர்களுக்கு இது வந்துகொண்டே இருந்ததால் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். நம் வீட்டு வாசலில் ஒரு பையன் முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு அதை அறுப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நாங்கள் எடுத்த கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு, ஆனால் இருக்கிறது. அதனால் கல் போட வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்: அறுப்பது வீட்டுக்குள் கூடாது, பொடக்காளியில் வைத்து, ஒருவர் டியூபில் தண்ணி விட இன்னொருவர் அறுக்க வேண்டும், மூக்கை நன்றாக மூடுகிற மாஸ்க்கை நாங்களே வாங்கித் தருகிறோம். ராஜஸ்தான் பையன்கள், முதல் நாள் மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுது என்று கழற்றிக் கழற்றி வைத்தார்கள். பொடக்காளிக் கதவுப் பக்கம் போகும்போதெல்லாம் நான் சைகை காட்டிக்கொண்டே இருந்தேன், அப்புறம் போட்டுக்கொண்டார்கள். தண்ணி விட்டு அறுத்ததால் வீட்டுக்குள் தூசியும் பாதியாகக் குறைந்தது. உடைக்கிற நாட்களில் ஆசாரத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிலைக்கு ஈரச் சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் ஷீட்டைவிட அது நன்றாகத் தூசியைப் பிடித்தது.

கல் நாங்கள் எடுத்தது சாம்ராஜ்நகர்க் கறுப்பு, தாளவாடி தாண்டினால் அந்த ஊர்தானே. துண்டுக் கல் நாலைந்து வகை வாங்கிவந்து, ஒவ்வொன்றின் மேலும் மஞ்சளை எண்ணெயில் குழைத்து ஒரு பொட்டு, புளிக்கரைசல் ஒரு பொட்டு வைத்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கழுவிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கின ஈரோட்டு மஞ்சள் சும்மா போய்விடுமா? வெளிர் நிறக் கல்லில் எல்லாம் மங்கலாகக் கறை நின்றது. டைல்ஸ் நடுவில் அடைக்கிற சிமெண்ட் மாவிலும் மஞ்சள் ஏறினால் போகவே போகாது, அதனால் அடுப்புக்குப் பின்னால் மட்டும் சிமெண்டுக்குப் பதிலாகக் கறை ஏறாத எபாக்சிக் கலவை போடச் சொன்னோம். விலை கூடத்தான், ஆனால் அந்தக் கொஞ்ச இடத்துக்குத்தானே.

அலமாரிக்கு மரம் வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒரே முடிவு. ஒருமுறை செல்லு வந்த சுவர் இது. பிளைவுட்டில் போடுவதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் தாங்குவது அதுதான். நாங்கள் பெரோ சிமெண்ட் (உள்ளே கம்பிவலை வைத்து வார்த்த சிமெண்ட்) பலகையில் தட்டுகள் அமைத்து, அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டுக்கொண்டோம். தரையிலிருந்து நாலு அங்குலம் விட்டுத்தான் அலமாரி ஆரம்பிக்கிறது, தண்ணி ஊற்றிக் கழுவ வேண்டுமே. அட்டாலியைத் தொடவே இல்லை. அண்டாவும் தவலையும் பெரிய போசிகளும் அங்கேதான் இருந்தன, இருக்கின்றன.

ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம், அதாவது தீ மிதிக்கிற திருவிழா, வந்தது, கொத்தனார் உட்பட பாதிப்பேர் குண்டம் இறங்கப் போய்விட்டார்கள். விரதம், பயணம், அப்புறம் ஊரில் கெடா வெட்டு. அந்த நாட்களில் மேடைக்குத் தண்ணி ஊற்றி வைப்பது எங்கள் வேலையாயிற்று. கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு மேலே கல்லை ஏற்றினால் பின்னால் விரிசல் விடும். ஆட்கள் வரவில்லையே என்று கோபப்பட்டவர்கள் வீட்டில் உண்டு, நான் படவில்லை. அந்த இடைவெளியில்தான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் அலமாரிக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தால் எங்கே இடிக்கும், அத்தை முக்காலியில் உட்கார்ந்தால் நான் தாண்டிப் போக இடம் இருக்குமா என்று நடந்து நடந்து பார்த்தோம். குளிர்பதனப் பெட்டியின் இடத்தை அப்படிப் பார்த்துத்தான் வாசலுக்கு இந்தப் பக்கம் மாற்றினோம். தண்ணி பாட்டில் எடுக்க வருகிற பையன் சூடான அடுப்புப் பக்கம் வரவே வேண்டியதில்லை.

அடுப்பு மேடையைத் தாழ்த்தினதால் சிலிண்டருக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. 28 அங்குலத்துக்குக் கீழே சிலிண்டரையும் அதன் மேல் ரெகுலேட்டரையும் வைத்தால் கை நுழைந்து திருக இடம் போதாது. அதனால் வெளியே, பொடக்காளிச் சுவரை ஒட்டி, நிழலில் ஒரு கம்பிக் கூண்டு வைத்து, அங்கிருந்து செம்புக் குழாயில் உள்ளே கொண்டுவந்தோம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கடையோ குழியோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மணல் குழியையே இதற்காக இன்னும் தள்ளித் தோண்டினோம். அடுப்புக்குப் பக்கத்தில் உள்ளேயே ஒரு வால்வு இருக்கிறது, ராத்திரி அதை மூடிவிட்டுத்தான் அத்தை படுக்கப் போகிறார்கள். இந்த வேலையைப் பிளம்பரிடம் கொடுக்காதீர்கள், ஏஜென்சியில் சொல்லி அதற்கான ஆளை வரவழையுங்கள்.

மிச்சம் இருப்பது சிம்னி. வாங்குவதா, ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதுமா என்று இன்னும் பேச்சு முடியவில்லை. வீட்டில் தாளிப்பு ஜாஸ்தி, மிளகாய் வறுத்தால் ஆசாரம் வரைக்கும் இருமல் வரும், அதனால் நான் வாங்கலாம் என்கிற பக்கம். வாங்கினால் அடுப்புக்கு மேலே 26 முதல் 30 அங்குலத்துக்குள் வைக்க வேண்டும், குழாய் வளையாமல் நேராக வெளியே போனால்தான் புகையை இழுக்கும். அதற்காகச் சுவரில் ஆறு அங்குல ஓட்டையை இப்போதே போட்டுவைத்திருக்கிறோம், டைல்ஸ் ஒட்டினபிறகு உடைக்க முடியாதே. இப்போதைக்கு அதில் கம்பிவலை அடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்குள் சிம்னி வராவிட்டால் வெளிப்பக்கம் ஒரு தகர மூடியாவது போட்டுவிட வேண்டும்.